காலியாகத் தெரியும் வட்டு

விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. சி டிரைவ் பாதி நிறைந்திருக்கிறது. டி டிரைவில் குடும்பப் புகைப்படங்கள், கல்யாண வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, இன்ஸ்டாலரை ஓடவிட்டு, வட்டைப் பிரிக்கும் திரைக்கு வந்தால் அங்கே ஒரே ஒரு வரிதான் நிற்கிறது: ஒதுக்கப்படாத இடம், 500 ஜி.பி. சி-யும் இல்லை, டி-யும் இல்லை. இந்த இடத்தில் சிலர் பயந்து போய்க் கணினியை அணைத்துவிடுகிறார்கள். சிலர் ‘காலியாகத்தானே இருக்கிறது’ என்று அடுத்த பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பயந்தவர்களே புத்திசாலிகள்.

இன்ஸ்டாலர் பொய் சொல்லவில்லை, விண்டோஸும் பொய் சொல்லவில்லை. ஒரே வட்டை இரண்டும் வெவ்வேறு விதமாக வாசிக்கின்றன, அவ்வளவுதான். லினக்ஸ் நிறுவும்போது வரும் பார்டிஷன் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். வட்டில் பழுது எதுவும் இருக்காது. ஆனால் அதைப் பற்றி ஃபர்ம்வேர் ஒன்று நினைத்திருக்கும், விண்டோஸ் ஒன்று நினைத்திருக்கும், இன்ஸ்டாலர் வேறொன்று நினைத்திருக்கும். யார் யாரோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள வட்டில் ஒரு பைட்கூட எழுத வேண்டியதில்லை.

பார்டிஷன் அட்டவணை என்பது வயலுக்குப் பட்டா மாதிரி. பட்டாவில் அளவு தப்பாக ஏறிவிட்டால் வயல் எங்கும் போய்விடுவதில்லை, விளைந்த நெல்லும் அப்படியேதான் நிற்கும். ஆனால் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர், ‘இங்கே நிலமே இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அந்த அட்டவணை எவ்வளவு சிறியது என்பதுதான் ஆச்சரியம். 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது அதில் 10 எம்.பி. வட்டு இருந்தது. கூடவே வந்த டாஸ் 2.0, வட்டின் முதல் 512 பைட்டை இப்படிப் பங்கிட்டது: கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கு 446 பைட், அட்டவணைக்கு 64 பைட், கடைசியில் அடையாளத்துக்கு 2 பைட். எம்.பி.ஆர். என்று நாம் இன்றும் சொல்வது இதைத்தான். 64 பைட்டுக்குள் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். ஒரு பார்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது என்பதற்கு 4 பைட், அதில் எத்தனை செக்டர் என்பதற்கு 4 பைட், அது எந்த வகை என்பதற்கு ஒரு பைட். மீதி 7 பைட்டில் ஒன்று எந்தப் பார்டிஷனிலிருந்து தொடங்குவது என்ற குறிக்கு. மற்ற ஆறும் இன்று யாரும் பொருட்படுத்தாத பழைய சிலிண்டர்–ஹெட் கணக்கு.

10 எம்.பி. வட்டை வைத்துக்கொண்டு யோசித்தவர்களுக்கு நான்கு பார்டிஷன் தாராளம். 4 பைட் எண்ணும் தாராளம். ஒரு செக்டருக்கு 512 பைட் என்றால் அது சுமார் 2.2 டி.பி. வரை எட்டும். 27 ஆண்டுகள் கழித்து 3 டி.பி. வட்டுகள் கடைக்கு வந்தபோதுதான் அந்தக் கூரை தலையில் இடித்தது. நான்கு என்ற எண்ணிக்கையோ அதற்கு வெகுநாள் முன்பே இடித்துவிட்டது.

விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பார்டிஷன் ஒன்று. விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட 100 எம்.பி. பார்டிஷன் ஒன்று. சி ஒன்று, டி ஒன்று. நான்கும் தீர்ந்தன. இப்போது டி-யைச் சுருக்கி 60 ஜி.பி. காலி செய்து வைத்தாலும், உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் அந்த 60 ஜி.பி.யைக் காட்டி ‘பயன்படுத்த இயலாதது’ என்று சொல்லும். இடம் இருக்கிறது, அதை எழுதி வைக்க அட்டவணையில் வரி இல்லை. இதற்காகவே வந்தது விரிவாக்கப் பார்டிஷன். நான்கு வரிகளில் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டால், அதனுள்ளே லாஜிக்கல் பார்டிஷன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். லினக்ஸ் இவற்றுக்கு எப்போதும் 5-இலிருந்து எண் கொடுக்கும். முதல் நான்கு எண்கள் அட்டவணையின் நான்கு வரிகளுக்கு உரியவை. எஸ்டிஏ1, எஸ்டிஏ2-க்குப் பிறகு திடீரென்று எஸ்டிஏ5 வருவதைப் பார்த்து, மூன்றும் நான்கும் எங்கே போயின என்று தேடத் தேவையில்லை.

நான்கு வரிகளும் விரிவாக்கமல்லாத முதன்மைப் பார்டிஷன்களாக இருக்கிற வட்டில் எளிதான வழி இது: ஒன்றைக் காலி செய்து நீக்கிவிட்டு, அந்த இடத்தை விரிவாக்கப் பார்டிஷனாக்குவது. டி-யில் இருப்பதை வெளியே நகலெடுத்து வைத்துவிட்டு டி-யை நீக்குவது நல்லது. தயாரிப்பாளரின் மீட்புப் பார்டிஷனை நீக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இன்னொரு விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் கையில் இருந்தால் தாராளமாக.

இங்கே விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். நான்கு பார்டிஷன் உள்ள வட்டில் ஐந்தாவதை உருவாக்க முயன்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுப்பதில்லை. வட்டை ‘டைனமிக் டிஸ்க்’ ஆக மாற்றட்டுமா என்று மரியாதையாகக் கேட்கும். சரி என்றால் நொடியில் மாற்றிவிடும், விண்டோஸும் வழக்கம்போல் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு உண்மையான அட்டவணை வட்டின் கடைசி 1 எம்.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனிக் கணக்கேடு; முன்னால் உள்ள எம்.பி.ஆர்.-இல் 42 என்ற வகை எண்ணோடு ஒரு வேலிதான் மிச்சம். லினக்ஸ் இன்ஸ்டாலர்களுக்கு அதற்குள் பார்டிஷன் போடத் தெரியாது. பழைய நிலைக்குத் திரும்ப மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி, எல்லா வால்யூமையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது. கேள்வியோ ஒரு வரிக் கேள்வி.

சரி, வட்டே காலியாகத் தெரிந்த கதைக்கு வருவோம். அதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கலாம்.

முதலாவது, பார்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது. முதல் பார்டிஷன் 2048-ஆவது செக்டரில் தொடங்கி 206847-இல் முடிகிறது என்றால், அடுத்தது 206848-இலோ அதற்குப் பிறகோ தொடங்க வேண்டும். எங்கோ ஒரு மீட்பு மென்பொருள் கணக்குத் தப்பி அதை 206847 என்று எழுதிவிட்டால் ஒரே ஒரு செக்டர் இருவருக்கும் சொந்தமாகிவிடுகிறது. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஜிபார்ட்டெட் போன்ற பல கருவிகளுக்கு அடியில் இருக்கும் லிப்பார்ட்டெட் என்ற நூலகம் அப்படியல்ல, அது கறார். ஒரு வரியில் முரண் இருந்தால் முழு அட்டவணையையும் ஏற்க மறுத்து, வட்டு முழுவதையும் ஒதுக்கப்படாத இடமாகக் காட்டிவிடும். கடைசிப் பார்டிஷன் வட்டின் எல்லையைத் தாண்டி நீள்வதாக எழுதப்பட்டிருந்தாலும் இதே கதிதான். மறுப்பது சரியான முடிவு என்பேன். மறுப்பைக் ‘காலி’ என்று காட்டுவதுதான் மோசமான முடிவு.

எந்த முரண் என்று பார்க்க, பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸின் டெர்மினலில் எஃப்டிஸ்க் கட்டளையைப் பட்டியல் காட்டும் விதத்தில் ஓடவிட்டால் போதும். அது அதிகம் யோசிக்காமல் அட்டவணையில் உள்ளதை உள்ளபடி காட்டும். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வரிசையாகப் பார்த்தால் எங்கே மோதுகிறது என்று தெரிந்துவிடும். எந்த எண் தப்பு என்பதில் குழப்பம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொருவரும் உண்டு: ஃபைல் சிஸ்டம். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். தன் முதல் செக்டரிலேயே தனக்கு மொத்தம் எத்தனை செக்டர் என்று எழுதி வைத்திருக்கிறது. அது அட்டவணை சொல்வதைவிட ஒரு செக்டர் குறைவாக இருப்பது இயல்பு; அதற்கு மேல் எங்கே பிரிகின்றனவோ அங்கே பிழையைத் தேடலாம். எஸ்எஃப்டிஸ்க் கட்டளை அட்டவணையை ஒரு சாதாரண உரைக்கோப்பாக இறக்கித் தரும். அதன் ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றதில் எண்ணைத் திருத்தி, அதே கட்டளை வழியாக வட்டில் திரும்ப எழுதலாம்.

இரண்டாவது காரணம், பழைய அட்டவணையின் மிச்சம். வட்டு ஒருகாலத்தில் எம்.பி.ஆர்.-க்கு மாற்றாக வந்த ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். பிறகு யாரோ அதில் எம்.பி.ஆர். முறையில் விண்டோஸைப் போட்டிருப்பார்கள். ஜி.பி.டி. தன் அட்டவணையை வட்டின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளது. புதிதாகப் பிரித்தவர் அவற்றைத் துடைக்காமல் விட்டிருந்தால், விண்டோஸ் எம்.பி.ஆர்.-ஐ நம்பி ஓடும்; லினக்ஸ் கருவிகளோ செத்துப்போன ஜி.பி.டி.யைப் பார்த்துக் குழம்பும். விருப்பக் குறி எதுவும் கொடுக்காமல் வைப்எஃப்எஸ் கட்டளையை ஓட்டினால் வட்டில் என்னென்ன அடையாளங்கள் கிடக்கின்றன என்று பட்டியல் மட்டும் போடும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அழிக்கச் சொன்னால்தான் அழிக்கும். மிச்சத்தை மட்டும் நீக்க ராடரிக் ஸ்மித் எழுதிய ஃபிக்ஸ்பார்ட்ஸ் என்ற சிறு கருவி இருக்கிறது. இப்படிப்பட்ட எம்.பி.ஆர். கோளாறுகளைச் சரிசெய்யவென்றே எழுதப்பட்டது அது.

அந்த ஜி.பி.டி.யைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இன்றைய கணினிகளில் அதுதான் இருக்கிறது. இன்டெல் தன் இட்டேனியம் சில்லுக்காக 1990-களின் பிற்பகுதியில் பயாஸுக்கு மாற்றாக உருவாக்கத் தொடங்கிய ஈ.எஃப்.ஐ. ஏற்பாட்டின் ஒரு பகுதி இது. வழக்கமான அமைப்பில் 128 பார்டிஷனுக்கு இடம். ஒவ்வொரு பதிவும் 128 பைட். செக்டர் எண்ணுக்கு 4 பைட்டுக்குப் பதில் 8 பைட். கணக்கு சரிதானா என்று சோதிக்க ஒரு சரிபார்ப்பு எண். முதல் செக்டரில் மட்டும் பழைய எம்.பி.ஆர். மாதிரியே ஒன்றை எழுதி, வட்டு முழுவதும் ஒரே அந்நியப் பார்டிஷன் என்று காட்டி வைக்கும். ஜி.பி.டி. தெரியாத பழைய கருவிகள் வட்டைக் காலி என்று நினைத்து எழுதிவிடாமல் இருக்க இந்த வேலி. சிறிய வட்டிலிருந்து பெரிய எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே நகலெடுத்தவர்கள் ஒரு எச்சரிக்கையைப் பார்த்திருக்கலாம்: இரண்டாம் பிரதி வட்டின் கடைசியில் இல்லை என்று. நகலெடுத்தபோது அது பழைய வட்டின் கடைசியிலேயே, அதாவது புதிய வட்டின் நடுவில், வந்து விழுந்திருக்கிறது. கருவி கேட்கும்போது சரிசெய்யச் சொன்னால் போதும்.

ஜி.பி.டி. வந்த பிறகு நான்கு என்ற நெருக்கடி ஒழிந்தது. அதற்குப் பதிலாக வேறொரு தகராறு வந்து சேர்ந்தது: கணினி எந்த முறையில் தொடங்குகிறது என்பது. பல ஆண்டுகளாக விற்ற கணினிகளின் ஃபர்ம்வேர் பழைய பயாஸ் முறையிலும் தொடங்கும், ஈ.எஃப்.ஐ.யின் வழிவந்த புதிய யூ.இ.எஃப்.ஐ. முறையிலும் தொடங்கும். லினக்ஸ் பென் டிரைவும் இரண்டு முறையிலும் தொடங்கக்கூடியதுதான். எனவே பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூ.இ.எஃப்.ஐ. என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொரு முறையிலுமாக நிறுவப்பட்டு, ஒன்றின் மெனுவில் மற்றது தெரியாமலே போகும்.

இதைச் சோதிப்பது எளிது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரி இருக்கும், அதில் யூ.இ.எஃப்.ஐ. அல்லது லெகசி என்று போட்டிருக்கும். லைவ் லினக்ஸில், சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவைத் திறந்து, உள்ளே இஎஃப்ஐ என்று ஓர் அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிய முறை, இல்லாவிட்டால் பழைய முறை. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வேறாக இருந்தால் பென் டிரைவைச் சரியான வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்; வட்டில் கை வைக்க இன்னும் நேரம் வரவில்லை.

பழைய முறையில்தான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும் கணினியில், வட்டு மட்டும் ஜி.பி.டி.யாக இருந்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப், 446 பைட்டில் அடங்குகிற நிரல் அல்ல. எம்.பி.ஆர். வட்டில் அது தன் பெரும்பகுதியை அட்டவணைக்கும் முதல் பார்டிஷனுக்கும் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளியில் ஒளித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் முதல் பார்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். இடைவெளி 62 செக்டர், அதாவது 31,744 பைட். கிரப் வளர வளர அதுவும் போதாமல் போய், ‘இங்கே அடங்காது’ என்று இன்ஸ்டாலர் கையை விரித்த சம்பவங்கள் ஏராளம். உரிமம் சரிபார்க்கும் சில விண்டோஸ் மென்பொருள்களும் தங்கள் ரகசியக் குறியை அதே இடைவெளியில் எழுதும் பழக்கமுள்ளவை, அது தனித் தொல்லை. இப்போது கருவிகள் எல்லாமே முதல் பார்டிஷனை 2048-ஆவது செக்டரில், சரியாக 1 எம்.பி. தள்ளித் தொடங்குகின்றன. செக்டரை 4096 பைட்டாக வைத்திருக்கும் புதிய வட்டுகளுக்கும் அது பொருந்திவருகிறது.

ஜி.பி.டி. வட்டில் அப்படி அனாமத்தான இடைவெளியை நம்ப முடியாது. ஆகவே கிரப்புக்கென்று 1 எம்.பி. அளவில் பயாஸ் பூட் பார்டிஷன் என்று ஒன்றைத் தனியாக ஒதுக்க வேண்டும். அதற்கு எந்த ஃபைல் சிஸ்டமும் வேண்டாம். அதன் வகையைக் குறிக்கும் 16 பைட் எண்ணை வட்டில் உள்ள வரிசையில் எழுத்துகளாக வாசித்துப் பார்த்தால், ‘ஹா! எனக்கு ஈ.எஃப்.ஐ. வேண்டாம்’ என்ற ஆங்கில வாசகம் வரும். யாரோ ஒரு புரோகிராமர் சிரித்துக்கொண்டே தேர்ந்தெடுத்த எண், இன்று உலகெங்கும் சர்வர்களில் இருக்கிறது.

யூ.இ.எஃப்.ஐ. முறையில் இந்த ஒளிவுமறைவு இல்லை. இ.எஸ்.பி. என்று ஒரு சிறு பார்டிஷன், பெரும்பாலும் ஃபேட்32 வடிவில். அதற்குள் விண்டோஸுக்கு ஒரு அடைவு, லினக்ஸுக்கு ஒரு அடைவு. இரண்டு பேரும் ஒரே இ.எஸ்.பி.யைப் பகிர்ந்துகொள்ளலாம். இன்ஸ்டாலரில் செய்ய வேண்டியது, ஏற்கெனவே இருக்கும் அந்தப் பார்டிஷனை இ.எஸ்.பி.யாகப் பயன்படுத்தச் சொல்வது மட்டுமே. பக்கத்திலேயே ஃபார்மேட் செய்யவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் விண்டோஸின் பூட் லோடர் போய்விடும். சி டிரைவ் முழுதாக இருந்தும் விண்டோஸ் எழாது. விண்டோஸ் வழக்கமாக இ.எஸ்.பி.க்கு 100 எம்.பி. ஒதுக்குகிறது. கிரப் பயன்படுத்தும் லினக்ஸ் விநியோகங்களுக்கு அது போதும். கர்னலையே இ.எஸ்.பி.க்குள் வைக்கும் விநியோகங்களுக்குப் போதாது.

இதுவரை சொன்னது வட்டு தெரிந்தும் தப்பாகத் தெரிகிற கதை. சில புதிய மடிக்கணினிகளில் வட்டு தெரியவே தெரியாது. இன்ஸ்டாலர் பென் டிரைவை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். இன்டெல்லின் ரேப்பிட் ஸ்டோரேஜ் ஏற்பாடு ஃபர்ம்வேரில் இயக்கத்தில் இருந்தால் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. அதன் கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் இதன் பெயர் வி.எம்.டி.; புதிய கர்னல்களில் அதற்கு டிரைவர் உண்டு என்பதால் புதிய வெளியீட்டை எடுத்துப் பார்ப்பது முதல் வைத்தியம். பழைய கணினிகளில் ஃபர்ம்வேர் அமைப்பில் போய் ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டும். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் தன் வட்டைக் காணாமல் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்குமாறு சொல்லிவிட்டு, பிறகு ஃபர்ம்வேரில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டால் அது தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அதன்பின் வழக்கமான முறைக்குத் திரும்பலாம்.

இந்த வேலையைத் தொடங்கும் முன்னால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். ஃபர்ம்வேரில் எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்தால் பிழைத்தோம். சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதே மடிக்கணினியில் கோப்பாகச் சேமித்து வைப்பதில் பயனில்லை. குறியாக்கம் செய்த பார்டிஷனை லினக்ஸ் இன்ஸ்டாலரால் சுருக்க முடியாது. விண்டோஸுக்குள்ளிருந்தே டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகச் சுருக்கிக் காலி இடத்தை உண்டாக்கி வைத்துவிட்டு வருவதே வழி.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இன்னொரு விஷயம் உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலை அப்படியே வட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பது இதுதான். அந்த நிலையில் லினக்ஸ் என்.டி.எஃப்.எஸ். பார்டிஷனில் எதையாவது எழுதினால், எழுந்துவரும் விண்டோஸ் தன் நினைவில் இருந்த பழைய கணக்கை நம்பி அதன்மேல் எழுதும், கோப்புகள் சிதையும். அதனால்தான் லினக்ஸ் அந்தப் பார்டிஷனை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது, சுருக்க மறுக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடலாம். அவசரத்துக்கு ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் போதும். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் உண்மையாகவே அணைகிறது. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும்.

இடத்தைச் சுருக்குவதிலும் நகர்த்துவதிலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பார்டிஷனின் வலது எல்லையை உள்ளே இழுப்பது பெரும்பாலும் சில நிமிட வேலை. கடைசியில் கிடக்கும் கோப்புகளை மட்டும் முன்னால் கொண்டுவந்தால் போதும். இடது எல்லையை நகர்த்த வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிளாக்கும் இடம் மாற வேண்டும், அது மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரன்ட் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நிற்கும் ஃபைல் சிஸ்டத்தை மீட்பது பெரும்பாடு. டெஸ்க்டாப்பில் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சி, டி, இ, எஃப் என்று நான்காகப் பிரித்துத் தருவது நம் ஊர்க் கணினிக் கடைகளின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட வட்டில் லினக்ஸுக்கு இடம் தேடுகிறவர்கள் கடைசி டிரைவைத் தியாகம் செய்வதே மேல். நடுவில் உள்ள டி-யைச் சுருக்கிக் கிடைத்த இடத்தை, எஃப்-க்கு அப்பால் உள்ள இடத்தோடு சேர்க்க ஆசைப்பட்டால் இடையில் உள்ள இரண்டையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

ஒரு பார்டிஷனுக்கு மட்டும் பூட்டுக் குறி போட்டு, ஜிபார்ட்டெட் அதைத் தொட விடவில்லையென்றால் பதற்றப்பட வேண்டாம். வட்டில் பழைய லினக்ஸின் ஸ்வாப் பார்டிஷன் இருந்தால் சில லைவ் லினக்ஸ்கள் கேட்காமலே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். பயன்பாட்டில் உள்ளதை மாற்ற முடியாது. அதன்மேல் வலது கிளிக் செய்து ஸ்வாப்பை நிறுத்தினால் பூட்டு போய்விடும்.

எந்தக் கருவி எப்போது வட்டில் எழுதுகிறது என்று தெரிந்திருப்பதும் முக்கியம். எஃப்டிஸ்க்கில் என்ன செய்தாலும், எழுதச் சொல்லும் கடைசி எழுத்தை அழுத்தும் வரை எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும். வெளியேறிவிட்டால் எதுவும் நடக்கவில்லை. ஜிபார்ட்டெட்டும் பச்சை டிக்கை அழுத்தும் வரை காத்திருக்கும். ஆனால் டெர்மினலில் ஓடும் பார்ட்டெட், கட்டளையைக் கொடுத்த அந்தக் கணமே எழுதிவிடும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பழக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

தப்பாக எழுதிவிட்டால்? போனது அட்டவணை மட்டுமென்றால் மீட்க நல்ல வாய்ப்பிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், அட்டவணையைக் கேட்காமல் வட்டையே செக்டர் செக்டராகத் தேடும். என்.டி.எஃப்.எஸ். தன் முதல் செக்டரின் பிரதி ஒன்றைப் பார்டிஷனின் கடைசியில் வைத்திருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 தன் தகவல் பலகையைத் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி எழுதி, அதன் பிரதிகளை ஆங்காங்கே வைத்திருக்கிறது. இவற்றைக் கண்டுபிடித்து எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று திரும்பக் கணக்குப் போடலாம். பார்டிஷனை நீக்கியதோடு நிற்காமல், எஸ்.எஸ்.டி.யில் அதன்மேல் எக்ஸ்ட்4 ஃபார்மேட்டும் செய்துவிட்டால் நிலைமை வேறு. ஃபார்மேட் செய்யும் நிரல், ‘இந்த இடம் முழுவதும் இனி வேண்டாம்’ என்று எஸ்.எஸ்.டி.யிடம் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கிருந்து பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும், எந்த மென்பொருளும் உதவாது. பழைய சுழல் வட்டில் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய தரவு மேலெழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும்.

பார்டிஷன் தகராறு போலவே தோன்றி, உண்மையில் அப்படி இல்லாத ஒன்றும் உண்டு. இன்ஸ்டாலர் வட்டைப் பிரிக்கும் திரைக்கு வரவே பல நிமிடம் எடுக்கிறது, அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு படத்தைக் காட்டுகிறது என்றால், கர்னலின் பதிவேட்டை டிமெஸ்ஜி கட்டளையால் திறந்து பாருங்கள். குறிப்பிட்ட செக்டர்களை வாசிக்க முடியவில்லை என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் வட்டின் உடம்புக்கே முடியவில்லை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை அதன் ஆரோக்கியக் கணக்கைக் காட்டும். கேபிளை மாற்றிப் பார்க்கலாம். பழைய டெஸ்க்டாப்களில் சில நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் லினக்ஸ் நிறுவும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ கொண்டு முடிந்தவரை எல்லாவற்றையும் இன்னொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். அது வாசிக்க வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களைக் கடைசியில் கவனிக்கும். அட்டவணையில் செய்ய வேண்டிய திருத்தங்களை அந்த நகலில் செய்யலாம்.